அரக்கு முத்திரை

இந்தப் பையை மட்டும் மேல வைக்கச் சொல்லாதீங்க தம்பி, மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கு, மூணு போன் இருக்கு, ஒரு சாவி இருக்கு. எல்லாம் பத்திரமாக் கொண்டுபோக வேண்டியது. நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க, எனக்குக் காத்து ஆகாது. திருநெல்வேலிதானே? நானும் அங்கதான். ஒரு மனு குடுக்கணும். குடுத்துட்டு, போலீஸ் ஜீப்புலயே திரும்பி வந்துரலாம்னு இருக்கேன்.

பயந்துராதீங்க. நான் குத்தம் செஞ்சவன் இல்ல, குத்தத்தைப் பிடிச்சவன்.

என் பேரு ஞானாபரணம். ஊரு நித்தியபுரம். முத்திரை ஆய்வாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கடையில தராசு, படிக்கல், எண்ணெய் அளக்கிற லிட்டர், இதையெல்லாம் சோதிச்சு அரசாங்க முத்திரை குத்துற வேலை. முப்பத்துமூணு வருஷம். சொந்த மச்சான் கடையில கால் கிலோ படிக்கல் ஆறு கிராம் குறைஞ்சதுன்னு வழக்குப் போட்டவன் நான். அவன் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசல. பேசாட்டிப் போறான். எங்க சபையிலயும் முப்பது வருஷமா நான்தான் செயலர். சபை சீல் எங்கிட்டதான் இருக்கு. நான் குத்தாம ஒரு ஞானஸ்நான சர்ட்டிபிகேட்கூட வெளிய போகாது.

கொஞ்சம் பொறுங்க, போன் அடிக்கு. தாசன். எங்க கோயில்ல மணி அடிக்கிறவன். அடிக்கட்டும், அப்புறம் பேசிக்கிடலாம். கோயிலைத் தொறக்கவா, விளக்கை அணைக்கவா, எல்லாத்துக்கும் எங்கிட்டக் கேட்டுத்தான் செய்வான். நான் பழக்கி வச்ச பழக்கம்.

உங்களை ஒண்ணு கேக்கேன் தம்பி. நெத்தியில திருநீறு இருக்கு, நீங்க வேற மார்க்கம், ஆனாலும் நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே. அரசாங்கம் முத்திரை குத்திட்டா பாவம் புண்ணியமாயிருமா? கனடாவுல பொம்பளையும் பொம்பளையும் கல்யாணம் கட்டிக்கிடலாமாம், சட்டம் இருக்கு. கஞ்சாவைக் கடை போட்டு விக்கலாமாம், அதுக்கும் சட்டம் இருக்கு. ரெண்டுக்கும் சீல் உண்டு, நம்பர் உண்டு. அங்க என்னமும் செஞ்சுட்டுப் போறாங்க, அவங்க தேசம். ஆனா ரெண்டும் எங்க வீட்டுக்குள்ள வந்துட்டு தம்பி. ஒரே பெட்டியில வந்துட்டு.

எனக்கு ஒரே மக. பிரிஸ்கில்லா. கம்ப்யூட்டர் படிச்சிட்டு கனடா போய் ஒம்பது வருஷம் ஆகு. நான் எத்தனை வரன் பாத்திருப்பேன் தெரியுமா? எல்லாத்துக்கும் "இப்ப வேண்டாம்பா"தான். ஏன்னு கேட்டா பேச்சை மாத்திருவா. அவ அம்மாவும் அதட்டிக் கேக்க மாட்டா. தங்கபுஷ்பம் வாயில்லாத பூச்சி. கல்யாணமான நாள்ல இருந்து நான் சொன்னதுக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்ல. போன சித்திரையோட அவளுக்கு அறுபத்துமூணு முடிஞ்சுது.

அந்தச் சித்திரையிலதான் வயித்துவலின்னு படுத்தா. கணையத்துல கட்டின்னாங்க. நாளாயிட்டு, இனிமே அறுக்க முடியாதுன்னாங்க. வலிக்கு மார்ஃபின் எழுதித் தாரோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன்.

ஏன்னா? அது போதை தம்பி. அபின் சாதி. கர்த்தர் முன்னால நிக்கப் போறவ தெளிஞ்ச புத்தியோட நிக்க வேண்டாமா? நான் வெள்ளிக்கெழமை தோறும் உபவாசம் இருந்து, ஒலிவ எண்ணெயை வச்சு ஜெபிச்சு, அதை அவ வயித்துல பூசினேன். என் நாக்குல இன்னைக்கு வரைக்கும் சாராயம் பட்டதில்ல. பீடி சிகரெட் தொட்டதில்ல. இருங்க, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கிடுதேன். இது போதையில சேர்த்தி இல்ல. இது போடாட்டி எனக்குத் தலை நிக்காது, கை நடுங்கும், அவ்வளவுதான்.

மக பதறி அடிச்சு வந்தா. கூட ஒருத்தி வந்தா. தர்ஷினி. பூர்வீகம் யாழ்ப்பாணம், வளந்தது கனடாவுல. "அப்பா, நாங்க ஒரே வீட்டுல இருக்கோம்"னா பிரிஸ்கில்லா. நான் என்ன நினைப்பேன்? வாடகை மிச்சம்னு நினைச்சேன். அந்தப் பிள்ளை வந்த அன்னைக்கே என்னை "மாமா"ன்னு கூப்பிட்டா. மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு நானும் சந்தோஷப்பட்டேன். எதுக்குச் சொல்லுதேன்னா, நான் யாரையும் வெறுக்கிறவன் இல்ல. என் கையாலயே அவளுக்கு இளநீர் சீவிக் குடுத்திருக்கேன்.

அவங்க வந்து பத்து நாள்ல தங்கபுஷ்பம் எந்திரிச்சு உக்காந்தா. கஞ்சி குடிச்சா. பிறகு ஒருநாள், எனக்குச் சாளை மீன்கறி வேணும்னு வாய்விட்டுக் கேட்டா. தம்பி, ஆறு மாசமா அவ வாயில சோறுன்னு ஒரு சொல்லு வரல. நான் அடுக்களையில போய் நின்னு அழுதேன். என் எண்ணெய் வேலை செய்யுதுன்னு நினைச்சேன். சபை முழுக்கச் சொன்னேன். ஞாயித்துக்கெழமை நானே அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வாரேன், எல்லாருக்கும் முன்னால சாட்சி சொல்லப் போறேன்னு சொல்லி வச்சேன்.

அதே ஞாயிறுதான் மூணாவது ஓலையும்.

ஓலைன்னா உங்களுக்குத் தெரியாது. எங்க சபையில கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு மாப்பிள்ளை பொண்ணு பேரை வாசிப்பாங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை எதுவும் தெரிஞ்சவங்க எந்திரிச்சுச் சொல்லலாம்னு ஐயர் கேப்பார். எங்க பாதிரியாரைத்தான் ஐயர்னு சொல்லுவோம். யாரும் சொல்ல மாட்டாங்க. எந்திரிச்சுச் சொன்னவன் எங்க ஊருல நான் ஒருத்தன்தான்.

அது இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின கதை. வசந்தராணின்னு ஒரு பொண்ணு, பாடகர் குழுவுல தங்கபுஷ்பம் பக்கத்துல நின்னு பாடுவா. வீட்டுல ஒரு மாப்பிள்ளை பாத்தாங்க. அவ ஏற்கெனவே ஒரு பையனை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டியிருந்தா, வேற சாதிப் பையன். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது. மூணாவது ஓலையில எந்திரிச்சு, ரிஜிஸ்டர் நகலைக் கையில பிடிச்சுக்கிட்டு, பதிவு நம்பரோட சொன்னேன். புதன்கிழமை அவளைக் கெணத்துல இருந்து எடுத்தாங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? தடை தெரியுமான்னு கேட்டாங்க, தெரியும்னேன். பொய்யா சொன்னேன்?

அவளுக்குத் துக்கமணி அடிக்கவும் நான் விடல. தற்கொலைக்கு மணி கிடையாது. அன்னையில இருந்துதான், என் வாய்ச்சொல் இல்லாம எந்தச் சாவுக்கும் கோயில் மணி அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வச்சேன். தங்கபுஷ்பம் அதுக்குப் பிறகு பாடப் போகல. தொண்டை கட்டிப் போச்சுன்னா. இருபத்தஞ்சு வருஷமாவா தொண்டை கட்டும்?

பாருங்க, திரும்பவும் தாசன். இவனுக்கு வேற வேலை இல்ல.

எங்க விட்டேன்? ஆங், ஓலை. நாகர்கோவில் பக்கம் ஒரு வரன். நாப்பத்தாறு வயசு, நல்ல உத்தியோகம், முதல் சம்சாரம் தவறிட்டா. பிரிஸ்கில்லாவுக்கும் முப்பத்தாறு ஆச்சு, இதுக்கு மேல ராஜகுமாரனா வருவான்? அவகிட்டக் கேட்டா வழக்கம்போல வேண்டாம்னுதான் சொல்லுவா. அதனால கேக்கல. விண்ணப்பத்துல பொண்ணு கையெழுத்து வேணும், நானே போட்டேன். பெத்த அப்பன் தம்பி. அதைக் கள்ளக் கையெழுத்துன்னு சொல்லக் கூடாது. அவளுக்கு எழுதப் படிக்கக் கத்துக் குடுத்ததே நான்தானே. கீழ சபை சீலையும் குத்தினேன். ஐயர் புதுசு, சின்ன வயசு, என் சீலைப் பாத்ததும் வேற ஒண்ணும் கேக்கல. முதல் ரெண்டு ஞாயிறும் அவ அம்மா பக்கத்துலயே இருந்துட்டா, கோயிலுக்கு வரல. ஊர்க்காரங்ககிட்ட, பிள்ளைக்குத் தெரியாம வச்சுக்கிடுங்க, திடீர்னு சந்தோஷப்படட்டும்னு சொல்லியிருந்தேன். கண் மூடுறதுக்குள்ள மக கழுத்துல தாலியைப் பாக்கணும்னு பெத்தவளுக்கு இருக்காதா? எல்லாம் தங்கபுஷ்பத்துக்காகச் செஞ்சதுதான்.

மூணாவது ஞாயிறு, ஒரு பக்கம் மகளும் ஒரு பக்கம் தர்ஷினியும் பிடிச்சிக்கிட, தங்கபுஷ்பம் நடந்து வந்தா. சபையே எந்திரிச்சு நின்னுது. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. ஐயர் ஓலையை வாசிச்சார். பிரிஸ்கில்லா தன் பேரைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையை விடுங்க. "தடை அறிந்தவர்கள் சொல்லலாம், இது மூன்றாம் முறை"ன்னார் ஐயர்.

தங்கபுஷ்பம் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"எனக்குத் தடை தெரியும் ஐயா"ன்னா.

எனக்கு விளங்கல. சாட்சி சொல்லத்தான் அவசரப்பட்டு எந்திரிச்சிட்டான்னு நினைச்சேன். "எம் மகளுக்குக் கல்யாணம் ஆயிட்டு. நாலு வருஷம் ஆகு. கனடாவுல முறைப்படி பதிஞ்சிருக்கு. இந்தா நிக்காளே, இவதான்"னு தர்ஷினி கையைத் தூக்கிக் காட்டினா. "பதிவு நம்பர் வேணும்னா அதையும் சொல்லுதேன். நான் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன்"னா.

வாயில்லாத பூச்சி தம்பி! நாலு வருஷமாத் தெரியுமாம். மக போன்ல சொல்லியிருக்கா, போட்டோ அனுப்பியிருக்கா. எம்பக்கத்துலயே படுத்துக்கிட்டு, எனக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு, நாலு வருஷம் நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்திருக்கா. ஐயர் ஓலையை மடக்கி வச்சிட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் அன்னைக்கே போன் பண்ணி, சம்பந்தம் வேண்டாம்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து கத்தினேன், ஒத்துக்கிடுதேன். "கர்த்தர் உனக்கு நடக்கப் பெலன் குடுத்தது இதுக்காடி"ன்னு கேட்டேன். அவ சிரிச்சா. "நடக்க வச்சது உங்க எண்ணெய் இல்ல, எம் மருமக எண்ணெய்"னா. தலையணைக்கு அடியில கையை விட்டு, சின்னக் குப்பி ஒண்ணை எடுத்துக் காட்டினா. காலையில ரெண்டு துளி, ராத்திரி மூணு துளி, நாக்குக்கு அடியில விடுவாளாம். கஞ்சா எண்ணெய் தம்பி. அவ கோயில்ல எந்திரிச்சு நின்ன பெலன் அந்தப் பெலன்தான்.

வாங்கிப் பாத்தேன். முத்திரை இருக்கு, கடை லைசென்ஸ் நம்பர் இருக்கு, ஒரு துளியில எத்தனை மில்லி கிராம்னு அச்சடிச்சிருக்கு. பழைய பழக்கம், விடல. பிரிக்காத குப்பி இன்னொண்ணு பெட்டியில இருந்தது. அதைப் பிரிச்சு, எங்கிட்டக் கெடக்கிற அளவுக் குழாய்ல ஊத்தி அளந்து பாத்தேன். முப்பது மில்லின்னு போட்டிருக்கான், சரியா முப்பது இருந்தது. சொல்லக் கூடாது, அளவு சுத்தம். பிறகு கழிவறையில கவுத்துட்டேன். சாட்சிக்கு இந்த ஒண்ணை மட்டும் வச்சிக்கிட்டேன். இந்தா, பைக்குள்ள.

அது ஞாயிறு. இன்னைக்கு வியாழன்.

தங்கபுஷ்பமா? கஷ்டப்பட்டாதான். இல்லன்னு சொல்லல. திங்கள்கெழமை ராத்திரி அவ போட்ட சத்தத்துல மூணாவது வீட்டுல விளக்கைப் போட்டாங்க. நான் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன், ஒலிவ எண்ணெயைப் பூசினேன். கை பட்டாலே துடிச்சா. தர்ஷினி என் காலைப் பிடிச்சா. "மாமா, அவவுக்கு நோகுது மாமா. ரெண்டு துளி குடுங்கோ. பிறகு என்னைப் பொலிசில பிடிச்சுக் குடுங்கோ, நான் ஓடமாட்டன்"னா. மக காலைப் பிடிக்கல. சுவத்துல சாஞ்சு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம்னு ரெண்டு பேரும் காருக்குப் போன் பண்ணினாங்க. கொண்டுபோனா அங்க மார்ஃபின் போடுவாங்க. திரும்பவும் போதை. அதனாலதான் போனை எல்லாம் வாங்கி வச்சேன், கதவையும் பூட்டிச் சாவியை மடியில வச்சிக்கிட்டேன். மூணு போனும் அவங்க மூணு பேரோடதுதான்.

ரெண்டு துளிதானேன்னு தோணும். எனக்கும் தோணிச்சு தம்பி. செவ்வாய்க்கெழமை குப்பியைத் திறந்து கையில வச்சிக்கிட்டே கட்டில்கிட்டப் போனேன். அவ என்னைப் பாத்து, "தாங்க"ன்னு வாயைத் திறந்தா. குருவிக்குஞ்சு மாதிரி திறந்தா. நான் மூடிட்டேன். ஆறு கிராம் குறைஞ்சதுக்கு மச்சான் மேல வழக்குப் போட்டவன், பொண்டாட்டிக்கு மட்டும் ரெண்டு துளி விட்டுக் குடுக்கலாமா? இன்னைக்கு ரெண்டு துளி, நாளைக்கு எது?

ஆனா கர்த்தர் பெரியவர். இன்னைக்கு விடியக்காலையில இருந்து அவகிட்ட ஒரு சத்தம் இல்ல. முனகல்கூட இல்ல. மூஞ்சி எல்லாம் தெளிஞ்சு, அமைதியா இருந்தா. நாலு நாள் ஜெபத்துக்குப் பதில் வந்துட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அவ அமைதியாயிட்டா, இனி என் கடமையைப் பாக்கலாம்னு கெளம்பினேன். அவங்களுக்குச் சனிக்கெழமை பிளேன். அதுக்குள்ள போலீஸ் வரணும். மனுவுல தர்ஷினி பேரை மட்டும்தான் எழுதியிருக்கேன். பத்து வருஷம் கிடைக்கும்னாங்க. மக இங்கன இருப்பா, மெதுவாத் திருந்துவா.

கெளம்பும்போது வெளிப் பக்கம் பூட்டினேன். ஜன்னல் இருக்கு, காத்து வரும். ரொட்டி, தண்ணி எல்லாம் வச்சிருக்கேன். அக்கம்பக்கத்துக்காரங்க இரக்கப்பட்டுப் பூட்டைத் தொட்டுரக் கூடாது பாருங்க, அதனால பூட்டு மேல அரக்கை உருக்கி ஊத்தி, சபை சீலைப் பதிச்சிட்டு வந்திருக்கேன். சர்க்கார்ல இருந்தப்ப மோசடிக் கடைக்கு அப்படித்தான் வைப்போம். எங்க ஊருல போலீஸ் பூட்டைக்கூட உடைச்சிருவாங்க, சபை முத்திரையில கை வைக்க மாட்டாங்க.

என்ன தம்பி, அப்படிப் பாக்கீங்க? நீங்க ஏன் எந்திரிக்கீங்க? திருநெல்வேலிக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு.

திரும்பவும் இவன். இதோட ஏழு தடவை. இருங்க, ஒரு வார்த்தை பேசிட்டு வச்சிருதேன்.

சொல்லு தாசன். பஸ்ஸுல இருக்கேன். என்னது? சத்தமாச் சொல்லு. கூட்டமா? எந்த வீட்டு முன்னால கூட்டம்? சீலை உடைக்கவா? உடைக்காதேல! சபை முத்திரையில கை வச்சீங்கன்னா ஒருத்தனையும் விட மாட்டேன். சாவி எங்கிட்ட இருக்கு, நான் வந்துதான் தொறப்பேன். பிள்ளை ஜன்னல்ல நின்னு கத்துறாளா? கத்தட்டும், நாலு நாளா அதுதானே நடக்கு. வேற என்ன?

துக்கமணியா? யாருக்குடா?

சொல்ல மாட்டேங்கான் தம்பி. அழுதான். "மணி அடிக்க உத்தரவு குடுங்க ஐயா, நீங்க உடனே திரும்பி வாங்க ஐயா"ன்னு அதையே சொல்லுதான். எங்க ஊருல வயசுக்கு ஒரு அடி அடிக்கணும், வயசு தெரியாம நான் எப்படி உத்தரவு குடுக்க? தாசன், கேக்குதா? வயசு எத்தனை?

அறுபத்துமூணுங்கான்.

எங்க தெருவுல அறுபத்துமூணு வயசுல வேற யாரு தம்பி இருக்கா? யோசிக்கேன், யோசிக்கேன், ஒரு பேரும் வர மாட்டேங்கு.